நாலாவது பிளக்

“ஸ்பேனரை எடுத்துட்டு மூடுங்க!”

அவள் போட்ட சத்தத்தில் காரைத் தள்ள நின்ற நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். முந்தின நாள் காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் உரத்த சொல் அதுதான். அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியபோதுகூட அவள் இப்படிக் கத்தவில்லை.

கார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கும் படிக்கும் நடுவில் நின்றது. அதை நகர்த்தினால்தான் அவரைத் தகனத்துக்குக் கொண்டுபோகிற வண்டி உள்ளே வர முடியும். பானெட்டைப் பிடித்திருந்தவர் ஹாரன். அண்ணனோடு ஒரே ஸ்டாண்டில் பதினெட்டு வருஷம் டாக்சி ஓட்டியவர். வாயை மூடவே மாட்டார் என்பதால் ஸ்டாண்டில் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவர் குனிந்து பார்த்தார். என்ஜினில் இருந்த நாலு குழிகளில் மூன்றில் பழந்துணி திணித்திருந்தது. நாலாவதில், ஸ்பார்க் பிளக் கழட்டுகிற நீள ஸ்பேனர் செங்குத்தாக நின்றது. பானெட்டை அப்படியே விட்டிருந்தால் ஸ்பேனரின் தலையில் இடித்து, உள்ளே இருக்கும் பிளக்கின் பீங்கான் சுக்குநூறாகியிருக்கும்.

“நல்ல வேளைக்கா,” என்று அவர் ஸ்பேனரை உருவினார். எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் கையிலேயே கொடுத்தார். பக்கவாட்டில் விரித்திருந்த பேப்பரை, அதன்மேல் இருந்த பழைய பிளக்குகளோடு சேர்த்து மடித்து டிக்கிக்குள் வைத்தார். பிறகு நாலு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கார் முனகிக்கொண்டே சுவரோரம் ஒதுங்கியது.

வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. கூடப் பிறந்தவன் உள்ளே கிடக்கிறான், இவளுக்கு ஸ்பேனர் கவலை. அவர்கள் அப்படி நினைத்தால் தப்பும் இல்லை. அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. மாடிவீட்டு அக்கா வந்து, “குடும்மா, உள்ள வந்து உக்காரு,” என்று சொல்லும்வரை அவள் அந்த ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

அவள் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று புத்தகத்தைப் புரட்டாமல் நம்பரோடு சொல்வாள். கடைக்கு வருகிற மெக்கானிக்குகள் ஏதாவது சந்தேகம் என்றால் முதலாளியிடம் போகமாட்டார்கள், அவளிடம்தான் வருவார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பெருமைப்பட வேறொன்றும் பெரிதாக இல்லாததால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணி இறந்தபோது, பத்து நாள் சமைத்துப்போடலாம் என்று ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவள். பத்து நாள் முடிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. முதலில் பார்த்தார்கள், அப்புறம் பார்ப்பதாகச் சொன்னார்கள், அப்புறம் அதையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு. பேசினால் சண்டை. அண்ணன் விடாக்கண்டன் என்றால் அவள் கொடாக்கண்டன். மற்ற சண்டையெல்லாம் சாப்பாட்டோடு முடிந்துவிடும். ஒன்று மட்டும் வருஷக்கணக்காக ஓடியது. பிளக் மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவலாமா, கூடாதா.

அண்ணன் பட்டவர். அவருடைய பழைய டாக்சியில் ஒரு பிளக் துருப்பிடித்து, கழட்டும்போது பாதியில் முறிந்து, என்ஜின் தலையையே இறக்க வேண்டியதாகிவிட்டது. பன்னிரண்டு நாள் வண்டி படுத்துவிட்டது. அன்றிலிருந்து மரையில் கிரீஸ் தடவாமல் அவர் ஒரு பிளக்கைத் தொட்டதில்லை. “ஒரு சொட்டு தடவிட்டா குழந்தை கையால கழட்டலாம்,” என்பார்.

அவள் படித்தவள், அதாவது, பெட்டிக்குள் வருகிற சீட்டைப் படித்தவள். “இப்ப வர்ற பிளக்குக்கெல்லாம் மரையிலயே பூச்சு இருக்கு. கிரீஸ் தடவாதேன்னு அவனே போட்டிருக்கான். தடவினா வழுக்கிக்கிட்டுப் போகும், கைக்குத் தெரியாது, நீ பாட்டுக்கு முறுக்குவ. மரை கழண்டு போச்சுன்னா?”

“எனக்கு மரை கழண்டு பல வருஷம் ஆச்சு. என் வண்டிக்குக் கழலாது, போ.”

“செஞ்சவனுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?”

“செஞ்சவன் ஓட்டலையே. ஓட்டுறவன் நான்தானே?”

இப்படியே போகும். அந்தச் சண்டை இல்லாத வாரங்களில் அந்த வீட்டில் ‘சாப்பிட வா’, ‘கதவைப் பூட்டிக்கோ’ என்ற இரண்டு வாக்கியம்தான் நடமாடும். கடைசியாக இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிளக் மாற்றியபோது அவர் கும்பிடு போட்டார். “சரி தாயே. உன் இஷ்டப்படியே வெறும் மரையிலேயே மாட்டறேன். பின்னால பிடிச்சுக்கிச்சுன்னா நீதான் வந்து கழட்டணும்.” அவள் ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவருக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்சி ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றால் ஒரு நடுக்கம், மேட்டில் ஏறினால் ஒரு திணறல். சனிக்கிழமையே அவள் நாலு புது பிளக்கைக் கைப்பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள். காலையில் அண்ணன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். அவள் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்கக் கட்டுவதற்கான ஆறு புடவை.

ஜன்னல் வழியாக அவர் குரல் மட்டும் வந்தது. “முதலாவது வந்துட்டுது.” கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு.” அப்புறம், “மூணும் ஆச்சு.” யாருக்கு இந்த நேர்முக வர்ணனை என்று அவள் நினைத்தாள். அடுத்த புடவையை விரித்தாள்.

அப்புறம் நீண்ட நேரம் சத்தம் இல்லை. பிறகு, “வரமாட்டேங்குதும்மா,” என்றார்.

அவள் புடவையைத் திருப்பிப் போட்டாள்.

“ஏம்மா, வரமாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரேன்.”

வந்துவிட்டது அந்தச் சண்டை என்றுதான் அவள் நினைத்தாள். இரண்டு வருஷமாகக் காத்திருந்து, பார்த்தாயா, பிடித்துக்கொண்டது என்று காட்டக் கூப்பிடுகிறார். இஸ்திரிப்பெட்டியை வைக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பி, “உன் கிரீஸைக் கூப்பிட்டுக்கோ, அது வந்து கழட்டும்,” என்றாள்.

வெளியே பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று மீதி இரண்டு புடவையையும் முடித்தாள். மடித்து அலமாரியில் அடுக்கினாள். வெளியே வந்தபோது அவர் முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு நடுவில் இளைப்பாறுகிறவரைப்போலத்தான் இருந்தார். கண் மட்டும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

*

பிற்பகலில் கூட்டம் சேர்ந்தது. ஸ்டாண்டிலிருந்து எல்லோரும் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தெரு நீளத்துக்கு டாக்சிகள் நின்றன. பெண்கள் முன்னறையில், அண்ணனைச் சுற்றி. ஆண்கள் வெளியே நாற்காலிகளில். சாவு வீட்டில் ஆண்கள் பேசுவது மழையில் ஆரம்பித்து விலைவாசிக்குப் போய் எங்கே வேண்டுமானாலும் முடியும். இங்கே சுவரோரம் நின்ற காரில் வந்து முடிந்தது.

“நேத்துக் காலையில நல்லாத்தானே இருந்தாரு?” என்றார் யாரோ.

“பிளக் கழட்டிக்கிட்டு இருந்திருக்காரு,” இது ஹாரன். அவர் மெதுவாகப் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும். “மூணு வந்துட்டுது. நாலாவது குரங்குப்பிடியா பிடிச்சுக்கிட்டிருக்கு. அந்த வயசுல மூச்சைப் பிடிச்சு முக்கினா நெஞ்சு என்ன ஆகும்?”

“கிரீஸ் போட்டு மாட்டியிருந்தா அவ்வளவு பிடிக்காதே.”

“அதைத்தான் சொல்றேன். எப்பவும் போடுற மனுஷன். போன தடவை மட்டும் போடலன்னு என்கிட்டயே சொன்னாரு.”

“கம்பெனிக்காரன் போட வேணாம்னுதான் சொல்றான்.”

“அவன் சொல்லுவான்! பிடிச்சுக்கிட்டா அவனா வருவான்? நான் முப்பது வருஷமா போடுறேன், ஒரு பிளக் என்னை எதுத்துப் பேசினது இல்ல.”

“நீ போடுற முறுக்குல அது எங்க பேசறது? போன வருஷம் மரையைப் பிச்செடுத்தது நீதானே?”

“அது வேற வண்டி.”

“வண்டி வேற, கை உன்னுதுதானே?”

யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஹாரன் விடவில்லை. “வீட்டுல யாரோ கடைச்சீட்டைப் படிச்சுக் காட்டி வேணாம்னு சொல்லியிருக்காங்க. இல்லன்னா அவரு…” என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், கதவருகே தண்ணீர்ச் சொம்போடு நின்ற அவளைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஹாரன் பாதி வாக்கியத்தில் நின்றது.

“அக்கா… நான் சும்மா…”

“தண்ணி குடிங்க,” என்று சொம்பை நீட்டினாள்.

உள்ளே வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்தாள். அண்ணனின் கைகளை யாரோ நன்றாகத் துடைத்திருந்தார்கள். ஆனால் வலது கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் கறுப்பு அப்படியே இருந்தது. அதைச் சோப்புப் போட்டு எடுக்க முடியாது; மண்ணெண்ணெய் வேண்டும். பதினாலு வருஷமாக ஞாயிறுதோறும் திட்டிக்கொண்டே ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தவள் அவள். எழுந்துபோய் எடுத்துவரலாமா என்று நினைத்தாள். எடுத்துவந்தால் இந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்றும் நினைத்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இவள்தான் வேண்டாம் என்றாள். கிரீஸ் வேண்டாம் என்றாள், பிளக் பிடித்துக்கொண்டது, அவர் முக்கினார், செத்துப்போனார். கணக்கு வாய்ப்பாடு மாதிரி நேராக வந்தது. எங்கே நிறுத்தித் திருப்பிச் சொன்னாலும் அதே விடைதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டிருந்தார். “கை வலிக்குது, மரத்துப்போகுதுன்னு ஏதாவது சொன்னாரா?”

“இல்ல டாக்டர். பிளக்தான் வரலன்னாரு.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேலே எழுதினார்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தகனக் கூடத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. அங்கே இருந்த ஊழியர் ஒரு சீட்டை நீட்டி, “உறவு?” என்று கேட்டார். “தங்கச்சி,” என்றாள். “வேற யாரும்?” என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்டாண்டு ஆட்கள் இருபது முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களில் யாரைச் சொல்வது என்று தெரியாமல், “இல்ல,” என்றாள்.

ஞாயிறு ராத்திரியும் அன்று ராத்திரியும் மாடிவீட்டு அக்கா வந்து கூடப் படுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மதியத்தோடு அவளையும் அனுப்பிவைத்தாள். “நான் பாத்துக்கறேன்க்கா. நீங்களும் எத்தனை நாள்தான்?” அவள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. இரண்டே அறை, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பதினாறு எட்டு. அண்ணன் சமையலறைக்குள் வரும்முன் தொண்டையைச் செருமுவார், அவள் திடுக்கிடக் கூடாது என்பதற்காக. அதற்கும் வெடுக்கென்று விழுந்திருக்கிறாள், என்ன, மந்திரி வர்றாரா என்று. இப்போது குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுவது முழுசாகக் கேட்டது. மூடினால் மூடியதும் கேட்டது. சாயங்காலம் அவள் தானாகவே ஒரு தடவை செருமிப் பார்த்தாள். பிறகு ரேடியோவைப் போட்டாள்.

*

புதன்கிழமை காலை எட்டரைக்கு சைலன்சர் வந்தார். அவர் மெக்கானிக். ஸ்டாண்டில் வைத்த இன்னொரு பெயர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். கேட்டைத் திறந்து, கார் பக்கம் கையைக் காட்டி, “பாதியில நிக்குது,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மனசு கேக்கல,” என்றார்.

“இருங்க. பழைய பிளக் டிக்கியில இருக்கு, எடுத்துத் தர்றேன். பாக்கணும்னா பாருங்க.”

மெக்கானிக் என்றால் பழைய பிளக்கின் நிறத்தைப் பார்த்து என்ஜினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். அதற்காகத்தான் டிக்கியைத் திறந்து பேப்பரை எடுத்தாள். படியின்மேல் வைத்துப் பிரித்தாள். மூன்று பிளக்கும் உருண்டு ஒன்றோடொன்று மோதி நின்றன.

பேப்பரின் வெள்ளை விளிம்பில் அண்ணனின் சாய்ந்த கையெழுத்து. பென்சிலால் எழுதியிருந்தார்.

1. அவ – சுலபம்
2. நான் – சுலபம்
3. அவ – சுலபம்
4. நான் –

நாலாவதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். இரண்டின் மரை சுத்தமாக, பூச்சு போகாமல் வெள்ளியாக மின்னியது. ஒன்றின் மரை இடுக்கெல்லாம் கருகிக் காய்ந்த கிரீஸ். சந்தேகமே இல்லை. தினம் பத்து பிளக்கைக் கையில் பிடிக்கிறவள் அவள்.

சரி தாயே என்று கும்பிட்டுவிட்டு, இரண்டு வெறும் மரையிலும் இரண்டு கிரீஸிலுமாக மாட்டியிருக்கிறார். இரண்டு வருஷம் ஹாரனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. எது எந்தக் குழி என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாகக் கழட்டி, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ‘அவ’ என்று எழுதியதற்கு எதிரே பொய் சொல்லவும் இல்லை. சுலபம் என்றுதான் போட்டிருக்கிறார். முதலாவது, ரெண்டு, மூணு என்று ஜன்னல் வழியாக அவர் சொன்னதெல்லாம் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

“கள்ளன்,” என்றாள் அவள் வாய்விட்டு. சைலன்சர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு; கன்னம் வலித்தது.

அப்படியானால் நாலாவது அவளுடையது இல்லை. பிடித்துக்கொண்டது கிரீஸ் போட்டது. அவருடையது. மூன்று நாளாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போவது தெரிந்தது. ஸ்பேனரையும் புது பிளக் பெட்டியையும் எடுத்துவந்து, பானெட்டைத் தூக்கி நிறுத்திய சைலன்சரிடம் கொடுத்தாள்.

“பாத்துக் கழட்டுங்க. நாலாவது ரொம்ப டைட்டு. முறிஞ்சுடப் போகுது.”

சைலன்சர் ஸ்பேனரைக் குழிக்குள் இறக்கினார். பிளக்கின்மேல் அது உட்கார்ந்ததும் கையை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். கால்களை அகட்டி நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார்.

ஸ்பேனர் சட்டென்று சுழன்றதில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மறுபடி வைத்தார். இந்தத் தடவை இரண்டு விரலால். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு வந்தது.

“டைட்டா இல்லையேம்மா,” என்றார்.

அவள் அவர் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். கிரீஸ்தான். இருந்தும் மரை சேதமில்லாமல், ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது.

“இல்ல. வரமாட்டேங்குதுன்னாரு,” என்றாள்.

சைலன்சர் பிளக்கைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, நாலாவது குழியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

வரமாட்டேங்குதும்மா. அவ்வளவுதான் சொன்னார். எது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிளக்கா, கையா. கொஞ்சம் வந்து பாரேன் என்றார். என்னத்தைப் பார்க்க என்றும் சொல்லவில்லை.

தெருவில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாடியில் யாரோ துணி உதறினார்கள். அவள் காரின் பக்கவாட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். தகடு வெயிலில் நன்றாகச் சுட்டது. எடுக்கவில்லை.

“உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன் தெரியுமா?” என்றாள் கடைசியில். “புடவை இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன்.”

சைலன்சர் நிமிர்ந்தார். அவரிடம் அன்றைக்கு மிச்சம் இருந்த வார்த்தைகள் எதுவும் அதற்குச் சரியாக வரவில்லை போலிருக்கிறது. புது பிளக் பெட்டியை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியின்மேல் வரிசையாக வைத்தார். கருவிப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து மூடியைத் திருகினார். பாதியில் நிறுத்தினார்.

“கிரீஸ் போடவா, வேணாமா?”

கடையில் இந்தக் கேள்விக்கு அவள் இருபத்திரண்டு வருஷமாக யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது நாலு பிளக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ரெண்டுக்குப் போடுங்க,” என்றாள். “ரெண்டுக்கு வேணாம்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. இரண்டின் மரையில் விரல்நுனியால் கொஞ்சமாகத் தடவினார். முதலில் கையாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் வைத்து, ஒவ்வொன்றையும் அளவாக இறுக்கினார். கிரீஸ் தடவியதை மட்டும் இன்னும் கொஞ்சம் இளக்கமாக விட்டதை அவள் கவனித்தாள். நாலு ரப்பர் தொப்பியையும் அழுத்தி மாட்டினார். பிறகு சாவியை அவளிடம் நீட்டினார்.

“நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க. நான் இங்க நின்னு கேக்கணும்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்க.”

“ஓட்ட வேணாம். திருப்புனாப் போதும்.”

பதினாலு வருஷத்தில் அவள் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்ததில்லை. எப்போதும் மறுபக்கம்தான். ஏறி உட்கார்ந்தாள். எதிரே திறந்து நின்ற பானெட் மொத்தக் கண்ணாடியையும் அடைத்துக்கொண்டிருந்தது. சைலன்சரும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு தடவை குலுங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை. நாலும் ஒரே சீராக அடித்தன.

“ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிங்க,” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

காலை நீட்டினாள். வெறும் தரைவிரிப்புதான் பட்டது. அண்ணன் நல்ல உயரம்.

“எட்டலைங்க.”

“சீட்டுக்கு அடியில ஒரு கம்பி இருக்கும். இழுத்தா முன்னால வந்துடும்.”

கையைக் கீழே விட்டுத் துழாவினாள். கம்பி கையில் பட்டது. அதன் வளைவில் விரல்கள் சரியாகப் போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

பிறகு விட்டுவிட்டாள். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டினாள். கட்டைவிரல் நுனி பெடலைத் தொட்டது. என்ஜினின் சத்தம் லேசாக உயர்ந்தது.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் சைலன்சர்.

அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.